ஆறு பாட்டும் ஒரு மூக்குக்கண்ணாடியும்

சவரிமுத்து தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைத்து, மடக்கி, என் மேல்பையில் போட்டார்.

"பாத்துக்குங்கண்ணே," என்றார்.

கண்ணாடியையும் சொன்னார், கூடத்தில் யார் வந்திருக்கிறார்கள் என்பதையும் சொன்னார். கண்ணாடி இல்லாவிட்டால் கை நீட்டும் தூரத்துக்கு அப்பால் அவருக்கு எல்லாம் கலங்கல். போட்டுக்கொண்டு வாசித்தாலோ, முதல் பாட்டிலேயே அது தரையில் கிடக்கும். உடம்பை அப்படி ஆட்டி வாசிப்பவர்.

ஞாயிற்றுக்கிழமை மாலை, தேநீர் குடித்துக்கொண்டே நடனம் ஆடும் டீ டான்ஸ் நேரம். தீவில், ஜார்ஜ்டவுன் கடலோரத்தில் ஒரு ஹோட்டலின் நடனக்கூடம். திரைக்கு அந்தப் பக்கம் கரண்டி பீங்கானில் படும் சத்தம், பெண்களின் சிரிப்பு, தரை மெழுகின் மணம். இந்தப் பக்கம் நாங்கள் மூவர். பாடுவதற்கும் சாதா கிதாருக்கும் நான், மின்கிதாருக்கு ஆ செங், பேஸுக்குச் சவரி. பேஸ் என்றால் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் மர வாத்தியம். வயலினின் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சவரியின் வலது கையில் இரண்டு விரல்களுக்குக் கட்டு போட்டிருந்தது.

நான் திரையை விலக்கிப் பார்த்தேன். முன்வரிசைக்கு அடுத்த மேசையில் மிஸ்டர் கனகசபை, மனைவியோடும் இரண்டு மகள்களோடும் உட்கார்ந்து கேக் வெட்டிக்கொண்டிருந்தார்.

கடலுக்கு அக்கரையில், மாக் மண்டினில் சவரி வேலை செய்த தகரத் தொழிற்சாலையின் பெர்சனல் ஆபிசர் அவர். ஆளைச் சேர்ப்பவரும் அவர்தான், நிறுத்துபவரும் அவர்தான். சவரியோ கைக்காயத்துக்காக எம்.சி.யில், அதாவது மருத்துவ விடுப்பில், வீட்டில் இருக்க வேண்டியவர்.

திரையை மூடினேன்.

"யாராச்சும் இருக்காங்களாண்ணே?"

"கூட்டம் நல்லா இருக்கு," என்றேன்.

வாசகர்கள் கேட்டது

பட்டர்வொர்த் விமானத் தளத்தில் இருந்த ஆஸ்திரேலியக் குடும்பங்கள் ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன பழைய இசைத்தட்டுகளை நான் வாங்கிச் சேர்த்த கதையைச் சில வாரங்களுக்கு முன் இந்தப் பத்திரிகையில் எழுதினேன். அதில் ராக்கபில்லி என்ற சொல்லைப் போகிற போக்கில் போட்டுவிட்டேன். கடிதங்கள் வந்தன. "அது பாட்டா, வியாதியா? என் மகன் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே இருக்கிறான்" என்று ஈப்போவிலிருந்து ஓர் அம்மா. புதிதாகக் கேட்பவர் எந்தப் பாட்டுகளில் தொடங்க வேண்டும் என்று மற்றவர்கள்.

பாட்டுதான் அம்மா. அமெரிக்காவின் தென் மாநிலங்களில், மலைக்காட்டு வெள்ளை ஏழைகளின் பாட்டும் கறுப்பின மக்களின் துயரப் பாட்டும் ஒரே தெருவில் முட்டிக்கொண்டபோது பிறந்தது. ஐம்பதுகளில் சில வருஷம் கொதித்து அடங்கிவிட்டது. வாத்தியம் மூன்றே மூன்று. நல்ல பாட்டுகளில் மேளமே கிடையாது. மேளத்தின் வேலையையும் பேஸ்காரர்தான் செய்ய வேண்டும். நரம்பை இழுத்து விட்டு மரத்தில் அறைய விடுவார்; உடனே உள்ளங்கையாலும் மரத்தை அறைவார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் பின்னால் யாரோ மேளம் அடிப்பதாகத் தோன்றும்.

பாட்டுகளின் பெயரை எழுதப் போவதில்லை. பெயர் சொல்லிக் கேட்டால் பின்னால் வந்தவர்கள் மெருகு போட்டுப் பாடியதைத்தான் கடைக்காரர் எடுத்துத் தருவார். காதால் தேடுங்கள். என்னென்ன கேட்க வேண்டும் என்று சொல்கிறேன். அன்று அந்த ஹோட்டலில் நாங்கள் வாசித்த வரிசையே போதும்.

ஏனென்றால் ஹோட்டல் மேனேஜரும் இதையேதான் கேட்டிருந்தார். "என்னுடைய ஆட்களுக்கு ச்சா ச்சா ஆடத் தெரியும், உங்கள் சங்கீதம் தெரியாது. ஆறு பாட்டு தருகிறேன். ஆறாவது முடிவதற்குள் அவர்களுக்குப் புரிந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகள் உங்களுடையவை."

நான் அப்போது நாற்பதைத் தாண்டிய பள்ளி ஆசிரியர். யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்தவரின் மகன். எங்கள் வீட்டில் கர்நாடக சங்கீதத்துக்கு மரியாதை உண்டு, தேவாரத்துக்கு மரியாதை உண்டு. நான் விரும்பிய சங்கீதத்துக்கு "உந்தக் குரங்குச் சத்தம்" என்று பெயர். முதன்முதலாக ஒருவர் என்னிடம் அதை விளக்கச் சொல்லிக் கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஃபெர்ரியில் வந்த பேஸ்

சவரிமுத்துவை நான் கண்டெடுத்தது பட்டர்வொர்த்தில், ஒரு மாதா கோயில் மண்டபத்தில். அங்கே யாரோ வெள்ளைக்காரப் பாதிரியார் விட்டுப்போன பேஸ் மூலையில் கிடந்தது. நரம்பெல்லாம் அறுந்துபோயிருந்தது. சவரி மீன்பிடிச் சாமான் கடையில் தடித்த நைலான் தூண்டில் கயிறு வாங்கி அதற்குக் கட்டியிருந்தார். அசல் நரம்பைவிட அதன் அடி கணீரென்று விழுந்தது.

அப்போது பாலம் கிடையாது. ஒத்திகைக்காக அவர் அந்தப் பேஸை ஃபெர்ரியில் ஏற்றித் தீவுக்குக் கொண்டு வருவார். டிக்கெட் கிழிக்கும் மலாய்க்காரர் ஒவ்வொரு முறையும் கேட்பார், "உன் பெண்டாட்டிக்கு டிக்கெட் எங்கே?" சவரியும் ஒவ்வொரு முறையும், "அவ தூங்குறா, எழுப்பாதீங்க," என்று மலாயில் சொல்வார்.

முதல் சில மாதம் என்னை "சார்" என்றுதான் கூப்பிட்டார். வேண்டாம் என்று எத்தனையோ தடவை சொன்னேன். "நீங்க வாத்தியாரு, நான் பெக்டரி ஆளு," என்பார். ஒருநாள் ஃபெர்ரியில் மழை. கித்தானைப் பேஸுக்குப் போர்த்திவிட்டு நாங்கள் இருவரும் நனைந்துகொண்டு நின்றோம். அது எங்கள் நடுவில் காய்ந்து நின்றது. சவரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அண்ணே, நமக்கு அறிவிருக்காண்ணே?" என்றார். அதிலிருந்து அண்ணே.

எம்.சி.

ஹோட்டலுக்குத் தேதி முடிவான பிறகுதான் விபத்து. தகரத் தகட்டின் விளிம்பு இரண்டு விரல்களைக் கிழித்துவிட்டது. தையல் போட்டு எம்.சி. கொடுத்தார்கள். தொழிற்சாலைக்குக் காகிதங்களைக் கொண்டுபோன அன்று, ஆங்கிலம் பேசுவதற்காக நானும் கூடப் போனேன். கனகசபையை எனக்குக் கோயிலில் தெரியும், எங்களைப் போல் யாழ்ப்பாணத்து ஆள். அவர் காகிதங்களைப் பார்த்துவிட்டுச் சவரியிடம் சொன்னார்: "இந்த மாதம் உன்னை நிரந்தரமாக்க இருக்கிறம். கையைக் கவனமாப் பார்."

சவரியின் மனைவி பிலோமினா முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்த சமயம். நிரந்தரம் என்ற சொல் அந்த வீட்டில் எவ்வளவு பெரிய சொல் என்று எனக்குத் தெரியும்.

"இந்தத் தடவ வேணாண்ணே," என்றார் சவரி. "எம்.சி.ல இருந்துகிட்டு மேடையில ஆடினா எவனாச்சும் பாத்துப் போட்டுக் குடுத்துருவான். ஒரு மாசம் தள்ளி வைக்கச் சொல்லுங்க."

"தள்ளி வெச்சா வேற குழுவப் போட்டுருவாங்க. உங்க பெக்டரியில எவன் ஃபெர்ரி ஏறி வந்து ஹோட்டல்ல டீ குடிக்கப் போறான்?"

"கை?"

"உள்ளங்கையால அறை. மத்த விரல வெச்சு இழு. சமாளிச்சிரலாம்."

ஆ செங் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். அதிகம் பேசமாட்டார். அன்று மட்டும் மலாயில், "மாஸ்டர், அவன் கை அவனுக்குச் சோறு லா," என்றார். நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

கடைசியில் சவரி ஒரே ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். "பெக்டரி ஆளு யாராச்சும் வந்திருந்தா முன்னாடியே சொல்லிருங்க. நான் பின்வழியா போயிருவேன். நீங்க ரெண்டு பேரும் எதையாச்சும் பாடி ஒப்பேத்துங்க."

"சத்தியமா," என்றேன்.

முதல் நான்கு

திரை விலகியது.

முதல் பாட்டு நடை வேகத்தில் இருக்க வேண்டும். கிதார் தனியாகத் தொடங்கும், பேஸ் பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும். பாடுபவன் வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற ஆளைப் போல அவசரமில்லாமல் பாடுவான். புதிதாகக் கேட்பவரின் கால் தானாக அசையும்வரை பொறுங்கள். அன்று மூன்றாவது வரியிலேயே கால்கள் அசைந்தன. கனகசபை மேடையைப் பார்க்கவேயில்லை. மகளுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

இரண்டாவது, எதிரொலிப் பாட்டு. குரல் விழுந்த கையோடு அதே குரல் நிழல்போல இன்னொரு தடவை விழும். இந்தச் சங்கீதத்தின் முத்திரையே அதுதான். நாங்கள் ஓர் ஒலிபெருக்கியை ஓடு பதித்த சமையலறை நடையில் வைத்து அதைக் கொண்டுவந்தோம். சமையல்காரர் ஏதோ கத்தியதும் அதே நிழலோடு கூடத்துக்குள் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். கனகசபையும் சிரித்துக்கொண்டே நிமிர்ந்தார்.

அப்போதுதான் மேடையைப் பார்த்தார்.

சவரி எப்போதும் பக்கவாட்டில் திரும்பி நிற்பார். பேஸ் பாதி முகத்தை மறைக்கும். கனகசபை அவரைத் தொழிற்சாலையில் நீலச் சட்டையிலும் தொப்பியிலும்தான் பார்த்திருப்பார், கண்ணாடியோடு. இங்கே வெள்ளைக் கோட்டு, எண்ணெய் தடவி நெற்றிக்கு மேல் தூக்கிச் சீவிய முடி. அவர் நெற்றியைச் சுருக்கினார். மனைவி ஏதோ கேட்டதற்குத் தலையாட்டினார். பார்வை மட்டும் திரும்பவில்லை.

மூன்றாவது மெதுவானது. விட்டுப்போனவளை நினைத்து அழும் பாட்டு. இந்த வகையில் ஒன்றாவது கேட்காவிட்டால் மற்றதெல்லாம் வெறும் குதியாட்டம் என்று நினைத்துவிடுவீர்கள். பேஸில் அறை கிடையாது, ஒவ்வொரு நரம்பாகத் தொட்டு விடுவதுதான். கை மெதுவாகப் போவதால் கட்டு தெரியும். நான் பாடிக்கொண்டே இரண்டு அடி நகர்ந்து சவரிக்கும் அந்த மேசைக்கும் நடுவில் நின்றுகொண்டேன். நான் மறைப்பது சவரிக்குத் தெரியவில்லை. "தள்ளுங்கண்ணே, ஆ செங் உருவங்கூடத் தெரியல," என்று முணுமுணுத்தார்.

என் மேல்பையில் அவருடைய கண்ணாடி நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது.

நான்காவது, விக்கல் பாட்டு. பாடகன் ஒரு சொல்லை இரண்டாக ஒடித்து நடுவில் விக்குவான். கேட்கக் கோமாளித்தனமாக இருக்கும். நான்கு தடவை கேட்ட பிறகுதான், ஆசை தொண்டையை அடைக்கும்போது குரல் அப்படித்தான் ஒடியும் என்று விளங்கும். நான் அன்று நன்றாக விக்கினேன். பாராட்டினார்கள். பயத்தில் தொண்டை வறண்டிருந்தது என்று யாருக்கும் தெரியாது.

கனகசபை இன்னும் முடிவுக்கு வரவில்லை. அதை என்னால் பார்க்க முடிந்தது. இதுவா அவன், இருக்காது என்ற முகம். அப்படியே போனால் தப்பித்துவிடலாம்.

மேளம் எங்கே?

ஐந்தாவது, கிதார் பாட்டு. ஆ செங்கின் பாட்டு. கடிகாரத்துக்குள் வேலை செய்கிற விரல்களோடு குட்டிக் குட்டியாகப் பொறுக்கிப் போடுவார். நல்ல கிதார்காரர் பாடகனுக்குப் பதில் சொல்வார், குறுக்கே பேசமாட்டார். அதைக் கவனியுங்கள்.

ஆனால் அன்று அந்தப் பாட்டில் கூடம் கையைவிட்டுப் போகத் தொடங்கியது. பேச்சுச் சத்தம் கூடியது. ஒரு மேசை எழுந்து போயிற்று. மேனேஜர் தூணில் சாய்ந்தபடி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்களிடம் ஒரு வித்தை இருந்தது. கல்யாண விருந்துகளில் எப்போதும் செய்வோம். ஆசிரியர் புத்தியில் நான் கண்டுபிடித்தது. கடைசிப் பாட்டுக்கு முன் நான் கூட்டத்தைப் பார்த்து, "இவ்வளவு நேரம் மேளம் கேட்டீர்களே, மேளம் எங்கே?" என்பேன். எல்லாரும் மேடையின் பின்புறம் தேடுவார்கள். சவரி பேஸிலிருந்து வலது கையை எடுத்து, உயரத் தூக்கி, விரித்துக் காட்டுவார். அந்த ஒரு நொடியில், விளக்காமலே, எல்லாருக்கும் விளங்கிவிடும்.

பழக்கத்தில் வாய் தவறி வந்துவிட்டது என்று இத்தனை வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பொய். ஐந்தாவது பாட்டின் கடைசி அடிகளில் நான் யோசித்தேன். கேட்டால் சவரி கையைத் தூக்குவார், கட்டு தெரியும், கனகசபை நிச்சயப்படுத்திக்கொள்வார். கேட்காவிட்டால் கூடம் போய்விடும். இரண்டையும் எடைபோட்டேன்.

"மேளம் எங்கே?" என்றேன். ஆங்கிலத்தில், மலாயில், தமிழில்.

தலைகள் திரும்பின. சவரி சிரித்துக்கொண்டே கண்ணாடியில்லாத முகத்தைக் கூட்டத்துக்கு நேராகத் திருப்பினார். கையைத் தூக்கினார். வெள்ளைத் துணிக் கட்டு. அதில் சிவப்பாக ஒரு பொட்டு.

வேஷம் என்று நினைத்துக் கூடம் ஆரவாரித்தது. கனகசபை கரண்டியைக் கீழே வைத்தார்.

பிறகு ஆறாவது பாட்டு. எல்லாரும் நிறுத்திவிட, பேஸ் மட்டும் தனியே பேசுகிற பாட்டு. ஒன்றே ஒன்றுதான் கேட்பேன் என்றால் இந்த வகையில் ஒன்றைக் கேளுங்கள். இழுத்து விட்ட நரம்பு மரத்தில் விழும்போது ஓர் அடி. உள்ளங்கை விழும்போது இன்னோர் அடி. இரண்டுக்கும் நடுவில் கேட்பவர் மனம் தானே போட்டுக்கொள்ளும் மூன்றாவது அடி. தகரக் கூரையில் மழை பிடிப்பதுபோல் அது தொடங்கியது. மேசைகளில் கரண்டிகள் அதிர்ந்தன. பரிமாறுகிறவர்கள் தட்டோடு நின்றுவிட்டார்கள். சவரி கண்களை மூடியிருந்தார். சிவப்புப் பொட்டு பெரிதாகிக்கொண்டே போயிற்று. கனகசபையின் சின்ன மகள் இரண்டு கையாலும் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு வாசிப்பை நான் வாங்கிய எந்த இசைத்தட்டிலும் கேட்டதில்லை.

பிறகு

கனகசபை மேடையருகே வந்தார். சவரி அதற்குள் கை கழுவ உள்ளே போயிருந்தார்.

"நல்லாப் பாடினீங்கள், மாஸ்டர்."

"நன்றி."

"உங்கட ஆளுக்குக் கை சுகமாயிட்டுது போல."

அங்கேயே கெஞ்சியிருக்கலாம். நான்தான் வற்புறுத்தினேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரே கோயில், ஒரே ஊர்ப் பேச்சு, என் சொல்லுக்கு அவரிடம் கொஞ்சம் மதிப்பு இருந்தது. ஆனால் மேனேஜர் கையை நீட்டிக்கொண்டு என்னை நோக்கி வந்துகொண்டிருந்தார். நான் சிரித்துவைத்தேன்.

மறுநாளே சவரியைக் கூப்பிட்டு நிறுத்திவிட்டார்கள். கையில் ஒரு விரல் இன்றுவரை சரியாக மடங்குவதில்லை.

"எவனோ பாத்திருக்கான்," என்றார் என்னிடம். "எனக்குத்தான் கண்ணு தெரியாது. நீங்க பாத்திருந்தா சொல்லியிருப்பீங்க."

 பிறை என்ற ஊரில் எனக்குத் தெரிந்த ஒருவரின் லாரிக் கம்பெனியில் அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்தேன். ஹோட்டலில் சில மாதம் ஞாயிற்றுக்கிழமைகள் வாசித்தோம். பிறகு டிஸ்கோ வந்தது, நாங்கள் போனோம். அந்த லாரி வேலைக்காக ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பிலோமினா எங்கள் வீட்டுக்கு ரவை கேக் அனுப்புகிறார். ஒவ்வொரு வருஷமும் சாப்பிட்டேன்.

போன வாரம் சவரி தொலைபேசியில் கூப்பிட்டார். "அண்ணே, அடுத்து டீ டான்ஸ் கததானே? பிலோமினா வாசிச்சுக் காட்டுறா, தெரு முழுக்கச் சொல்லி வெச்சிருக்கேன். நான் கையத் தூக்கினேனே, அத மறக்காமப் போடுங்க லா."

மாக் மண்டினில்

மேலே உள்ளதை எழுதி முடித்துவிட்டு, பத்திரிகை ஆசிரியருக்கு அனுப்புவதற்கு முன், சவரியின் வீட்டுக்குப் போக ஃபெர்ரி ஏறினேன். இதை அவர் அச்சில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது.

சவரி வாசலுக்கே வந்து அழைத்துப்போனார். பிலோமினா கேக் வைத்தார். நான் வாசித்தேன். மூக்குக்கண்ணாடியை என் பையில் போட்ட இடத்தில் சவரி சிரித்தார். டிக்கெட் மலாய்க்காரர் வந்த இடத்தில் தொடையைத் தட்டினார். முதல் பகுதியிலேயே கனகசபை பெயர் வந்தபோது நான் ஏதோ கதைக்காக முன்னால் போட்டிருக்கிறேன் என்றுதான் நினைத்திருப்பார் போலும். எடைபோட்டேன் என்ற இடத்தில் சிரிப்பு நின்றது.

முடித்தேன். 

"எப்பப் பாத்தீங்க?"

"மேடைக்குப் போறதுக்கு முன்னாடி."

"நான் கேட்டேன்."

"கேட்ட. கூட்டம் நல்லா இருக்குன்னு சொன்னேன்."

பிலோமினா கை துடைத்துக்கொண்டே வந்து, என் முன்னால் இருந்த கேக் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

சவரி வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மடங்காத விரலை இடது கையால் பிடித்து மெல்ல மடக்கி விட்டார். அது திரும்ப நிமிர்ந்துகொண்டது.

"அந்த ஆறாவது பாட்டு," என்றார். "அத மட்டும் இன்னொரு தடவ படிங்க."

படித்தேன். கண்ணை மூடிக் கேட்டார். சின்ன மகள் மேசையைத் தட்டிய இடத்தில் தலையை லேசாக ஆட்டினார்.

"அந்தப் பிள்ள தட்டினது எனக்குத் தெரியாது," என்றார்.

எழுந்து கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். நான் காகிதங்களை மடித்தேன். வேண்டுமானால் இதை அனுப்பாமல் விட்டுவிடுகிறேன், இல்லையென்றால் பெயரை மாற்றிவிடுகிறேன் என்றேன்.

"பேர மாத்த வேணாம்," என்றார். "அப்படியே போட்டுருங்க, சார்."